ஆணி முடிச்சு

பெயர்தான் ஆணி முடிச்சு.
ஆணி வைத்தால் நழுவும், மெல்லிய குழல் ஒன்று வேண்டும்
என்றான் கடைக்கார டெரிக்.
ஃபெர்கஸில் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு
குழலுக்கு எங்கே போவது?
பேனாவைப் பிரித்தேன்.
ரீஃபிலின் இரு முனையையும் அறுத்து
வாயில் வைத்து ஊதினேன்.
பாதி மை சிங்கில் விழுந்தது.
மீதி எங்கே போனதென்று
அப்போது தெரியாது.

போன சனிக்கிழமை
பாலத்துக்குக் கீழே, இடுப்பளவு கிராண்ட் ஆற்றில்
பழுப்பு ட்ரவுட் ஒன்று
இறகு ஈயைக் கவ்விக்கொண்டு திரும்பியது.
ஈயோடு லீடரும் போனது.
பச்சைக் கயிறு மட்டும்
நுனித்தோல் உரிந்து, சுருண்டு
என்னிடம் வந்தது.
மீன் போனதற்காக இல்லை.
உதட்டில் ஒன்பதடி நைலான் இழுபட
எந்தக் கல்லிடுக்கில் சிக்கிக் கிடக்கிறதோ.
அவிழ்ந்தது நான் கட்டிய முடிச்சு.

நம்மூரில் லீடர் என்றால்
நாற்பதடி கட்அவுட், மாலை, மைக்.
இங்கே லீடர்
தண்ணீரில் இருப்பதே தெரியக்கூடாது.
தொடக்கத்தில் கொஞ்சம் தடிப்பு.
போகப் போக மெலிந்து
கடைசியில் தலைமயிர்.
சத்தமில்லாமல் போய் விழவேண்டும், அவ்வளவுதான் பொறுப்பு.
இப்படி ஒருவன் நின்றால்
ஓட்டுப் போடுவேன்.

கயிறோ கொழுத்தது,
மிதப்பது, அக்கரைக்கும் தெரிவது.
இதையும் அதையும் சேர்ப்பதற்கு
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போட்டுவிடலாம்.

குழல், கயிறு, லீடர்
மூன்றையும் இடதுகை கிள்ளிப் பிடிக்கவேண்டும்.
வலதுகை சுற்றவேண்டும், பக்கத்தில் பக்கத்தில்,
ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஆறு சுற்று.
பிறகு வாலைக் குழலுக்குள் விட்டு
குழலை உருவவேண்டும்.
உருவும்போது சுற்றுகளைப் பிடிப்பது யார்?
மூன்று தடவை பிரிந்து
ஸ்பிரிங்போல முகத்தில் அடித்தது.

நளாயினி அடுப்படியில் இருந்தாள்.
வீட்டை விற்றுவிட்டு பிராம்ப்டனுக்கே போகலாம் என்று அவளும்
முடியாது என்று நானும் சொல்லி
இன்றோடு நான்கு நாள்.
பேச்சு போனில்தான்.
"பால் முடிந்தது."
"சரி."
சமையலறைக்கும் கூடத்துக்கும் பதினொரு அடி.

நான்காவது தடவை
ஐந்தாம் சுற்றில்
நாற்காலி இழுபடும் ஓசை.
சோப்புத் தண்ணீர் காயாத கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
என் விரல்களை நகர்த்திவிட்டு
அந்த இடத்தைக் கிள்ளிப் பிடித்தன.

நான் ஆறாம் சுற்றைச் சுற்றினேன்.
வாலை விட்டேன். குழலை உருவினேன்.

"விடவா?"
"விடாதே."

இறுக்குமுன் ஈரம் வேண்டும்,
இல்லாவிட்டால் நைலான் சூட்டில் பலமிழக்கும்.
குனிந்து நாக்கை நீட்டினேன்.
"ஐயோ, நாக்கைப் பாரு!"
கண்ணாடியில் பிறகு பார்த்தேன்,
நீலம், பல்வரைக்கும்.
மூக்கால் சிரித்தாள்.
சிரிப்பில் விரல் நடுங்கி
நாலாம் சுற்று மூன்றாவதின்மேல் ஏறி உட்கார்ந்தது.

டெரிக் பார்த்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டு என்பான்.
ஒரு முனையை அவளும் மறுமுனையை நானும்
இழுத்தோம்.
நைலான் கயிற்றின் தோலைக் கடித்து
உள்ளே இறங்கியது.
கதவுக் கைப்பிடியில் மாட்டி இன்னும் இழுத்துப் பார்த்தேன்.
நின்றது.
நுனியை நகவெட்டியால் நறுக்கினாள்.
பிராம்ப்டனைப் பற்றி
அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
பாத்திரம் கழுவும் சத்தம் மறுபடி கேட்டது.

இன்று காலை ஆறரைக்கு
பாலத்துக்குக் கீழே நிற்கிறேன்.
மீன் ஒன்றும் எழவில்லை.
கயிற்றைச் சுருட்டும்போதெல்லாம்
கோலின் நுனி வளையத்தில் ஒரு சின்ன
டக்.
கொஞ்சம் நீலமான இடம் அது.
தடுக்குகிறது.
உள்ளே வந்துவிடுகிறது.